முப்பத்தைந்து வயது வரை

தான் விற்கப்பட்ட செய்தி அனிசே லம்பியோவுக்கு இறைச்சிக் கடையில்தான் தெரிந்தது.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை காலை. மறுநாள் சமையலுக்குப் பன்றி விலா வாங்க வரிசையில் நின்றிருந்தான். கடைக்காரர் கத்தியை மேலங்கியில் துடைத்துக்கொண்டே, "இனிமே உனக்குப் பன்னிக்கறி எதுக்கு? தினமும் கடல் மீனாச்சே!" என்றார்.

"என்ன மீனு? யாருக்கு?"

"நடிக்காதடா. தெற்குக் கிளப்புக்குப் போறியாமே, பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கான். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கறியைச் சுற்றி வைத்திருந்த தாளையே பிரித்துக் காட்டினார். ரத்தக் கறைக்கு நடுவே அனிசேயின் படம். கீழே, மோர்வால் கால்பந்து அணியின் கேப்டன் தெற்குக் கடலோரக் கிளப்புக்கு மாற்றப்பட்டார் என்று நாலு வரி.

"எனக்கே யாரும் சொல்லலையே," என்றான் அனிசே. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அது அறுபத்தொன்றாம் வருடம். அனிசேக்கு வயது இருபத்தேழு. பிரான்ஸின் ஆர்தென் காட்டு மலைகளுக்குக் கீழே, கால்வாயை ஒட்டிக் கிடக்கும் மோர்வாலில் அப்போது ஒன்பதாயிரம் பேர் இருந்தார்கள். மைதானத்தில் பன்னிரண்டாயிரம் பேர் நிற்கலாம். பெரிய நகரத்துப் பத்திரிகைக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கம்பளி மில்லின் சாயப்பட்டறைத் தொழிலாளர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப் அது. முதல் உலகப் போரில் மைதானத்தைத் தோண்டி உருளைக்கிழங்கு போட்டார்கள். போர் முடிந்ததும் புல் வைத்தார்கள். இரண்டாம் போரிலும் உருளைக்கிழங்கு, மறுபடியும் புல். பிறகு மில் முதலாளி வார்னிமோன் தலைவரானார், கிளப்பைத் தொழில்முறை அணியாக்கினார். ஆட்டக்காரர்கள் காலையில் மில்லில் வேலை பார்ப்பார்கள், மத்தியானம் பந்தை உதைப்பார்கள். அப்படியே ஏழு வருடத்தில் முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டார்கள். மோர்வாலுக்கு வந்து தோற்றுப் போன பெரிய அணிகள், கால்வாயிலிருந்து வரும் கம்பளிக் கொழுப்பு நாற்றத்தில் மூச்சே விட முடியவில்லை என்று புகார் எழுதும். மோர்வாலில் அந்தப் புகாரை வெட்டி காப்பிக் கடைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை அனிசே சாயப்பட்டறையிலிருந்து நீலம் படிந்த கையோடு நேராக வார்னிமோனின் அறைக்குப் போனான்.

வார்னிமோன் கெட்ட மனிதர் அல்ல. மழையானாலும் பனியானாலும் பயிற்சி பார்க்க வருவார். ஆட்டக்காரர்களின் பிள்ளைகள் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். அனிசேயின் அப்பா இறந்தபோது சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தவர். அதனாலேயே தான் செய்வதில் தப்பு இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"வா, உக்காரு. உனக்குத்தான் சொல்லி அனுப்பணும்னு இருந்தேன்," என்றார்.

"இறைச்சிக்கடைக்காரர் சொல்லிட்டாரு, மெசியே."

"பேப்பர்க்காரனுங்க அவசரம். நல்ல இடம்டா. வெயில், கடல், பெரிய ஸ்டேடியம். உனக்கு வீடும் தர்றாங்க. நமக்கும் அந்தப் பணத்துல ஒரு நல்ல ஃபார்வர்ட் ஆள் வந்துடுவான். எல்லாருக்கும் நல்லது."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

வார்னிமோனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "எதைக் கேக்கணும்?"

"போறியான்னு."

"அனிசே, பத்தொன்பது வயசுல இந்த மேசை மேலதான் கையெழுத்துப் போட்ட. முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் நீ இந்தக் கிளப்போட ஆளு. பிரான்ஸ்ல இருக்கிற அத்தனை ஆட்டக்காரனும் அப்படித்தான். இது நான் போட்ட சட்டமா? அனுப்பற இடத்துக்குப் போறது, இருன்னு சொன்னா இருக்கறது. அவ்வளவுதான்."

"அப்ப நான் போகல."

"போகலைன்னா?"

"போகலைன்னா போகலதான்."

வார்னிமோன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "போகலைன்னா எங்கேயும் ஆட முடியாது. இங்கயும் இல்ல, வேற எங்கயும் இல்ல. எட்டு வருஷம். யோசிச்சுக்கோ."

அன்று சாயங்காலம் மனைவி ஒதில் வீடு திரும்பியபோது அனிசே சமையலறை மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒதிலும் அதே மில்லில்தான் வேலை பார்த்தாள். நெய்து வந்த துணியை வெளிச்சத்துக்கு எதிரே இழுத்துப் பிடித்து, முடிச்சும் அறுந்த இழையும் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, சிக்கரி காப்பியை இரண்டு கோப்பையில் ஊற்றினாள்.

"உண்மையச் சொல்லட்டுமா? எனக்குப் போகணும்னு ஆசையாத்தான் இருக்கு," என்றாள். "கடல் நான் பார்த்ததே இல்ல. வருஷத்துல எட்டு மாசம் மழையில துணி காயாம கெடக்கு."

"நீ கேக்கற. நீ கேட்டா நான் யோசிப்பேன். அவர் கேக்கல, ஒதில்."

"கேட்டிருந்தா போயிருப்பியா?"

"போயிருந்தாலும் போயிருப்பேன்."

ஒதில் காப்பியைக் குடித்து முடித்தாள். பிறகு, "உன்னை ஒரு மூட்டைக் கம்பளின்னு நெனச்சுட்டாரு," என்றாள். "அந்த ஒப்பந்தத்த எடு."

விளக்கைக் கீழே இழுத்து, துணியைப் பார்ப்பது போலவே அந்தத் தாளை வரிவரியாகப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இங்க பாரு. ஆட்டக்காரர் எல்லாப் பயிற்சி நாளிலும் குறித்த நேரத்தில் கிளப் மைதானத்தில் ஆஜராக வேண்டும். முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் நீ அவங்க ஆளுன்னா, முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் தினமும் ரெண்டு மணிக்கு நீ அங்க போய் நிக்கணும். ஒரு நாள் கூடத் தவறக் கூடாது. தப்பு நம்ம பக்கம் இருக்கக் கூடாது."

அனிசே தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கடல் போச்சே என்ற வருத்தம் அவள் முகத்தில் இன்னும் இருந்தது. ஆனால் கண் வேறு மாதிரி இருந்தது.

ஜூலையில் பயிற்சி ஆரம்பித்தது. முதல் நாள் சரியாக இரண்டு மணிக்கு அனிசே மைதானத்தின் இரும்புக் கதவைத் தட்டினான். காவலாளி சின்னக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"அனிசே லம்பியோ. ஆறாம் எண். பயிற்சிக்கு வந்திருக்கேன்."

"உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவுப்பா."

"சரி. நான் வந்தேன், நீங்க பார்த்தீங்க. அது போதும்."

கால்வாய்க்கரைப் பாதை மைதானச் சுவரை ஒட்டியே ஓடியது. அவன் அங்கே ஓட ஆரம்பித்தான். உள்ளே பயிற்சியாளர் க்ரெமரின் விசில் கேட்கும். அதற்கேற்ப வெளியே இவனும் வேகம் எடுப்பான், நிற்பான், குந்துவான். படகோட்டிகள் அவனைப் பார்த்துக் கையசைத்துக் கேலி செய்தார்கள். "உள்ள போக வழி தெரியலையா, தம்பி?"

மூன்றாவது வாரம், சுவருக்கு மேலே பறந்து வந்து ஒரு பந்து அவன் காலடியில் விழுந்தது. உள்ளேயிருந்து கோல்கீப்பர் ஸ்டாஷின் குரல் கேட்டது. போலந்துச் சுரங்கக்காரர் மகன், இரண்டு ஆள் அகலம், ஊருக்கே கேட்கும் குரல்.

"ஐயோ! பந்து வெளிய போயிடுச்சே! யாராவது நல்ல மனுஷன் இருந்தா எத்தி விடுங்கய்யா!"

அனிசே எத்திவிட்டான். அரை நிமிடத்தில் பந்து திரும்ப வந்தது.

"மறுபடியும் போயிடுச்சே! என்ன கால்டா இது என் கால்!"

அன்றிலிருந்து தினமும் பந்து முப்பது, நாற்பது தடவை வெளியே போனது. இடது பக்கம், வலது பக்கம், உயரமாக, தாழ்வாக. க்ரெமர் எதையும் பார்க்காதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மில்லிலிருந்து அனிசேயை நிறுத்திவிட்டார்கள். அவன் காலை வேளைகளில் படகுத்துறையில் நிலக்கரி இறக்கினான். ஒதிலை வெளிச்சமான அறையிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அழுக்குக் கம்பளி பிரிக்கும் இடம் அது. நாள் முழுக்கத் தூசி. மேற்பார்வையாளர், "உன் வீட்டுக்காரன் மனசு மாறுற வரைக்கும்தான்," என்றார். "அப்ப எனக்கு இங்க நல்ல நாற்காலி ஒண்ணு போடுங்க, ரொம்ப நாள் உக்காரணும்," என்றாள் ஒதில்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. வெயிலும் கடலும் சும்மா கிடைக்கும்போது இவனுக்கு என்ன அடம் என்றார்கள் பாதிப் பேர். அவன் போகாததால்தான் புதிய ஃபார்வர்ட் வரவில்லை, கிளப்பைக் கீழே இழுக்கிறான் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. செப்டம்பரில் ஒரு காலை, அவர்கள் வீட்டுக் கதவில் 'நன்றிகெட்டவன்' என்று சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தது. அனிசே வாளியும் தண்ணீரும் எடுத்து வந்தான். ஒதில் தடுத்தாள்.

"விடு, தேய்க்காத. இது நம்ம மில் சாயம். அவ்வளவு சீக்கிரம் போகாது." பிறகு, போகிற வருகிறவர்களுக்குக் கேட்கும்படி சொன்னாள். "எழுதினவன் எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்கான். அதுவரைக்கும் சந்தோஷம்!"

அனிசேயின் இடத்தில் அப்போது ஆடிக்கொண்டிருந்தவன் ஒக்தாவ். அவனுக்கு முப்பத்தொரு வயது. பன்னிரண்டு வருடமாக இரண்டாம் அணியிலேயே கிடந்தவன். அனிசேக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் ஆறாம் எண் சட்டை கிடைக்கும். அனிசேக்கு அடிக்கடி காய்ச்சல் வருவதில்லை. இப்போது முதல் முறையாக, வாரம் தவறாமல் அது அவனுக்குக் கிடைத்தது. நன்றாகவும் ஆடினான். இருவரும் வழியில் எதிர்ப்பட்டால் ஒக்தாவ் தலையைக் குனிந்துகொள்வான்.

அக்டோபர் ஆரம்பத்தில் ஒரு நாள், அவனாகவே படகுத்துறைக்கு வந்தான். கரி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"என் மேல கோவமா?"

"உன் மேல என்ன கோவம்? நல்லாத்தானே ஆடற. போன வாரம் கொஞ்சம் முன்னாடி ஏறிட்ட, அவ்வளவுதான்."

"நேத்து வார்னிமோன்கிட்டப் போனேன். உன்னை உள்ள விடுங்க, நான் வேணா பழையபடி ரெண்டாம் டீமுக்குப் போறேன்னு சொன்னேன்."

அனிசே மூட்டையைக் கீழே வைத்தான்.

"என்ன சொன்னாரு தெரியுமா?" ஒக்தாவ் தொப்பியைக் கசக்கினான். "'நீ பேசாதடா. இருபத்துமூணு வயசுல உன்னை மேற்குக் கடலோரத்துப் பிரித்தானியில ஒரு கிளப் கேட்டாங்க, முதல் டீமுல ஆட. நான் குடுக்கல. குடுக்கறதும் குடுக்காததும் என் இஷ்டம்'னாரு. எட்டு வருஷம், அனிசே! எட்டு வருஷம் எனக்குத் தெரியவே தெரியாது. நான் ஆடத் தெரியாதவன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

அனிசே தன் கரிக் கையை ஒக்தாவின் தோளில் வைத்தான். நல்ல கோட்டில் ஐந்து விரலும் பதிந்தன. ஒக்தாவ் அதைத் தட்டிவிடவில்லை.

அந்த மாதக் கடைசி ஞாயிறு, அனிசேயை விலைக்குக் கேட்ட அதே தெற்குக் கிளப் மோர்வாலுக்கு ஆட வந்தது. அவர்களுடைய தலைவரும் வந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் லம்பியோவைக் கையோடு தங்கள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவதாகக் காலையிலேயே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருந்தார். அனிசே வழக்கம் போல் கதவைத் தட்டினான், பெயரைச் சொன்னான், "உத்தரவு" என்ற பதிலை வாங்கிக்கொண்டான். பிறகு ஒதிலும் அவனும் மைதானச் சுவருக்கு அருகே கட்டியிருந்த கரிப் படகின் கூரைமேல் ஏறி நின்றார்கள். படகுக்காரர் அவர்களுக்கு இரண்டு கவிழ்த்த வாளிகளைக் கொடுத்தார், உட்கார. அங்கிருந்து சுவருக்கு மேலாக முக்கால் மைதானம் தெரிந்தது.

தெற்குக்காரர்கள் வெள்ளைச் சட்டையில் பதினோரு பேர் இறங்கினார்கள். பிறகு மோர்வால், சாம்பலும் கருஞ்சிவப்பும். ஸ்டாஷ் முன்னால் வந்தான், கையில் கேப்டன் பட்டை. அனிசே பழக்கத்தில் எண்ணினான். பத்து.

"ஒக்தாவைக் காணோம்," என்றான்.

"ஷூ கட்டிட்டிருப்பான்," என்றாள் ஒதில்.

ஒக்தாவ் வரவில்லை. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஸ்டாஷிடம் ஏதோ கேட்டார். ஸ்டாஷ் பதில் சொன்னான். அவன் குரல் படகுவரை வந்தது.

"ஆறாம் நம்பர் வெளிய இருக்கான், ஐயா. கதவத் திறந்தா வருவான்."

"என் பட்டியல்ல இருக்கிறது வேற பேரு. அவனை வெளிய வச்சு யாரு பூட்டினது?"

"மேல கூரைக்குக் கீழ வசதியா உக்காந்திருக்காரே, அவரைக் கேளுங்க!"

உள்ளே நடந்ததை ஸ்டாஷ்தான் பிறகு சொன்னான். உடைமாற்றும் அறையில் ஒக்தாவ் ஆறாம் எண் சட்டையைக் கையில் எடுத்து, சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஆணியில் திரும்ப மாட்டினான். "என்னால முடியல. யாருக்கு வேணுமோ போட்டுக்குங்க," என்றான். யாரும் எடுக்கவில்லை. வார்னிமோன் ஓடி வந்தார், கத்தினார், கெஞ்சினார். இரண்டாம் அணி அன்று வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தது. காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவன் மட்டும்தான் ஊரில் இருந்தான். க்ரெமர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "பத்துப் பேர் ஆடலாம்னு விதி இருக்கு, மெசியே," என்று மட்டும் சொன்னார்.

நடுவர் விசில் ஊதினார். முதலில் மைதானத்தில் முணுமுணுப்புதான். பன்னிரண்டாயிரம் பேரும் ஒருவருக்கொருவர் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு கோலுக்குப் பின்னால் நின்ற மில்காரர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் "ஆறு!" என்றது. அப்புறம் பத்துக் குரல். அப்புறம் மைதானம் முழுக்க.

"ஆறு! ஆறு! ஆறு!"

அனிசே வாளியிலிருந்து எழுந்துவிட்டான். அவன் கண் கூட்டத்தின்மேல் இல்லை, மைதானத்தின் இடது பக்கத்தின்மேல் இருந்தது. அங்கே, தான் எட்டு வருடம் ஓடிய இடத்தில், வெறும் புல். எதிரணிக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. பதினைந்தாவது நிமிடம் அந்த வழியாகவே வந்தார்கள், கோல் போட்டார்கள்.

"இடது! டேய், இடது காலியா கெடக்கு! உள்ள சேருங்கடா!" அனிசே கத்தினான். கூரைத் தகரம் அதிர்ந்தது. படகுக்காரர் கீழேயிருந்து, "மெல்ல, அது என் வீடு!" என்றார்.

பத்துப் பேரும் ஆளுக்கு இரண்டு பேர் வேலையைப் பார்த்தார்கள். ஸ்டாஷ் சேற்றில் உருண்டு உருண்டு மூன்று பந்தைத் தடுத்தான். இரண்டாம் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. அறுபதாவது நிமிடம் மோர்வாலுக்கு ஒரு மூலை உதை. குட்டையான வலது பக்கத்துக்காரன் எங்கிருந்தோ எம்பித் தலையால் அடித்தான். கோல். ஒதில் அனிசேயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருவரும் வழுக்கிக் கீழே விழப் பார்த்தார்கள். கடைசிப் பத்து நிமிடம் கால்கள் ஓய்ந்துவிட்டன. தெற்குக்காரர்கள் மறுபடி இடது பக்கமாக வந்தார்கள். இரண்டுக்கு ஒன்று. அப்படியே முடிந்தது.

தோற்ற ஆட்டம். ஆனாலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கூட்டம் கதவைத் தாண்டி, சுவரைச் சுற்றி, கால்வாய்க்கரைக்கு வந்து படகுக்கு எதிரே மழையில் நின்றது. வார்னிமோனும் வந்தார். குடை பிடித்துக்கொண்டு வந்த ஆளைக் கையால் விலக்கிவிட்டு நனைந்துகொண்டே நின்றார்.

"பார்த்தியா? உன்னால தோத்தாங்க," என்றார்.

"பார்த்தேன், மெசியே. ரெண்டு கோலும் என் இடத்து வழியாத்தான் போச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. ஆனா கூரை மேல என்னை நிக்க வச்சது நான் இல்ல."

"கீழ இறங்கு. அவங்க பஸ் நிக்குது. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல."

"ஏறச் சொல்றீங்களா, ஏறுறியான்னு கேக்கறீங்களா?"

கூட்டத்தில் ஒரு பெண் குரல், "கேளுங்களேன் அவன! வாய் தேய்ஞ்சா போயிடும்?" என்றது. சிரிப்பு எழுந்தது. வார்னிமோனின் முகம் சிவந்தது.

"நான் யாரையும் கேக்கறதில்ல," என்றார். "என் அப்பாவும் கேட்டதில்ல."

"அப்ப நாளைக்கு ரெண்டு மணிக்கு வர்றேன்," என்றான் அனிசே. "கதவத் திறக்கறதும் திறக்காததும் உங்க இஷ்டம்."

தெற்குக்காரர்களின் பஸ் அவன் இல்லாமலே கிளம்பியது. ஊரைத் தாண்டும்வரை சிறுவர்கள் அதன் பின்னால் "ஆறு! ஆறு!" என்று கத்திக்கொண்டே ஓடினார்கள்.

மறுநாளும் கதவு திறக்கவில்லை. அந்த வாரம் மட்டுமல்ல, அந்தப் பருவம் முழுக்கவே திறக்கவில்லை. வார்னிமோன் பிடிவாதத்தில் அனிசேக்குக் குறைந்தவர் அல்ல. ஆனால் பத்துப் பேரையும் ஒக்தாவையும் தண்டிக்க அவரால் முடியவில்லை. தண்டித்தால் அடுத்த ஞாயிறு யாரை இறக்குவது? ஒக்தாவ் மறுவாரம் சட்டையைப் போட்டுக்கொண்டான். "போடு, நீ போடலைன்னா கிளப் கீழ போயிடும். கீழ போன கிளப்புக்குத் திரும்பி வர எனக்கு இஷ்டமில்ல," என்று அனிசேயே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அந்தக் குளிர்காலத்தில் பாரிஸில் ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். மோர்வாலிலிருந்து ஒரே உறையில் பதினாறு கையெழுத்துப் போனது. முதல் கையெழுத்து ஒக்தாவுடையது. ஜனவரியில், இந்தத் தலைவலி தங்களுக்கு வேண்டாம் என்று தெற்குக் கிளப் விலகிக்கொண்டது. கால்வாய் உறைந்து படகுகள் நின்றுபோன ஆறு வாரம் அனிசேக்கு வேலை இல்லை. உருளைக்கிழங்கும் கொழுப்புத் துண்டும் போட்ட குழம்புதான் மூன்று வேளையும். கீழ்த்தளத்துப் பெண்கள் ஒதிலின் கூடையில் அவளுக்குத் தெரியாமல் முட்டை வைத்துவிட்டுப் போவார்கள். பனியில் கால் வழுக்கினாலும் இரண்டு மணிக்கு அனிசே கதவைத் தட்டினான். காவலாளி, "வந்துட்டியா? உள்ள வந்து அடுப்புல கை காயவச்சிட்டுப் போயேன், அதுக்கு உத்தரவு ஒண்ணும் இல்ல," என்பார். அனிசே வாசற்படியிலேயே நின்று நன்றி சொல்லிவிட்டு ஓடப் போவான்.

அடுத்த ஜூனில் வார்னிமோன் ஆள் அனுப்பினார். அதே அறை. கம்பளி மாதிரிகள் மேசைமேல் பரப்பியிருந்தன. அவர் இளைத்திருந்தார். நிமிர்ந்து பார்க்காமல் ஒரு துணித் துண்டை விரலில் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"வடக்குல இருந்து ஒரு கிளப் உன்னைக் கேக்குது."

அனிசே மீதிக்காகக் காத்திருந்தான்.

வார்னிமோன் தொண்டையைச் செருமினார். "போறியா?"

அந்த ஒரு சொல்லுக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது. பதில் அந்த நிமிடமே தயாராக இருந்தது. ஆனாலும், "யோசிச்சுச் சொல்றேன், மெசியே," என்றான்.

வார்னிமோன் சட்டென நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று அனிசே நினைத்தான். அவர், "எத்தனை நாள் வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு நாள்."

வீட்டில் ஒதில் விழுந்து விழுந்து சிரித்தாள். தூசியால் வந்த இருமலும் சிரிப்போடு சேர்ந்துகொண்டது. "மூணு நாளும் முழுசா எடு. ஒரு மணி நேரம் கூடக் குறைக்காத. நல்லா யோசிக்கிறவன் மாதிரி தெருவுல நட." அவனும் நடந்தான். இறைச்சிக் கடையில், காப்பிக் கடையில், பாலத்தின்மேல், எல்லோரும் "என்ன முடிவு?" என்று கேட்டார்கள். "யோசிச்சிட்டிருக்கேன்," என்று சொல்லும்போதெல்லாம் அவனுக்கு உடம்பில் இருந்த கரி முழுக்கக் கழுவிப் போவது போல் இருந்தது.

மூன்றாம் நாள் போய், "இல்ல, மெசியே. இங்கயே இருக்கேன்," என்றான். வார்னிமோன் தலையசைத்து, வடக்குக் கிளப்புக்கு எழுதச் சொன்னார். அவனுக்குப் பின்னால் ஒக்தாவ் உள்ளே போனான். கதவைச் சாத்தக்கூட இல்லை. "எனக்குப் போகணும். விடுங்க," என்றான். அவனை விடுவிக்கும் காகிதம் கிடைத்தது. முப்பத்திரண்டு வயதில், பிரித்தானியில் ஒரு இரண்டாம் டிவிஷன் கிளப்பில் மூன்று பருவம் முதல் அணியில் ஆடினான். ஒதில் வெளிச்சமான அறைக்குத் திரும்பினாள். இருமல் மட்டும் போகவில்லை, கடைசிவரை.

ஆகஸ்டில் அனிசே ஆறாம் எண்ணோடு இறங்கினான். பன்னிரண்டாயிரம் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு வருடம் தனியாக ஓடிய கால். வேகம் இருந்தது, கூட்டத்துக்குள் ஆடும் கணக்கு மறந்திருந்தது. முதல் பத்து நிமிடத்தில் மூன்று பந்தைக் கோட்டைவிட்டான். இருபதாவது நிமிடம் எதிரணியின் குட்டிப் பையன் அவன் காலுக்கு நடுவே பந்தைத் தள்ளிவிட்டுப் போனான். அரை மணி ஆவதற்குள், கோலுக்குப் பின்னால் நின்ற அதே மில்காரர்கள் விரலை வாயில் வைத்துச் சீழ்க்கை அடித்தார்கள்.

"ஓய் லம்பியோ! தூங்குறியா? படகுக்கே போயிடு!"

அனிசே தலையைத் தொங்கப்போடுவான் என்று ஸ்டாஷ் கோலிலிருந்து பார்த்தான். அவனோ சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கமாகத் திரும்பி இடுப்பில் கையை வைத்து, "வாடா, நீ வந்து ஆடு!" என்று கத்திவிட்டு, பந்து வரும் திசையில் ஓடினான்.